வாய்க்கால் தெரு ஜெபக்கூட்டத்துக்குக் கர்த்தர் செய்தது

விரித்த பாயில் யாரும் வந்து உட்காராவிட்டால், அதைத் திரும்பச் சுருட்டுகிற கை எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். சின்னமனூரில் வாய்க்கால் தெருவில் எங்கள் வீட்டு முன்னறையில் வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் பாயை விரித்தேன். விளக்கேற்றி வைத்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பிறகு சுருட்டி வைத்தேன். இப்படியே பல வாரம் போனது.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. போதகர் ஐயா சொல்லச் சொன்னார்கள் என்பதற்காக நிற்கிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். மகிமை கர்த்தருக்கே போகட்டும்.

என் பெயர் மரியபுஷ்பம். என் வீட்டுக்காரர் ஆரோன், கடைவீதியில் நூல், ஊசி, பித்தான், கண்ணாடி வளையல் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. லில்லி என்று பெயர் வைத்தோம். நடக்கப் பழகுகிற வயதில் காய்ச்சல் வந்து, அது எங்களை விட்டுப் போய்விட்டது. அதன் பிறகு நான் கோவிலுக்குப் போவேன், வருவேன், அவ்வளவுதான். பாடுகிறபோது வாய் அசையும். உள்ளே ஒன்றும் இராது.

அந்த நாளில் எங்கள் போதகருக்குச் சின்னமனூரோடு சேர்த்து இந்தப் பள்ளத்தாக்கில் பல ஊர்ச் சபைகள். மாட்டு வண்டியிலும் நடந்துமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் கிடைக்கும். மற்ற நாளில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர் காய்ச்சலில் கிடந்து இறந்து, அடக்கமும் ஆன பிறகுதான் பக்கத்துத் தெருவில் இருந்த எங்களுக்கே செய்தி வந்தது. போதகர் ஐயாவுக்கு அது பெரிய துக்கமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லி, இனிமேல் தெருவுக்குத் தெரு ஒரு வீட்டில் சின்ன ஜெபக்கூட்டம் நடக்க வேண்டும், வாரத்தில் ஒரு தரமாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்றார்கள். வாய்க்கால் தெருவுக்கு ஆரோன் என்று பெயர் சொல்லிவிட்டார்கள்.

பெயர்தான் அவருக்கு. கடையைப் பூட்டிவிட்டு அவர் வீடு வந்து சேர இருட்டிவிடும். ஆகவே பாய் விரிக்கிற வேலை எனக்கு வந்தது. நான் போதகர் ஐயாவிடம் போய், என்னால் ஆகாது, என் மனதே வெறுமையாக இருக்கிறது, நான் யாருக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். சொல்ல வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள்.

உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை என்றுதான் முன்னமே சொன்னேனே. எங்கள் தெருவில் சபைக் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். அதில் இரண்டு குடும்பம் அண்ணன் தம்பி வீடு. அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருத்தி வந்தால் மற்றவள் வரமாட்டாள் என்பது தெரு அறிந்த விஷயம். ஆளில்லாத அறையில் ஒரு பாட்டைப் பாடி, ஒரு ஜெபத்தைச் செய்து எழுந்துவிடுவேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர், போதகர் ஐயாவிடம் சொல்லி நிறுத்திவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அடுப்படிக்குப் போய் அழுதேன். லில்லி போன பிறகு நான் மனதாரக் கேட்ட முதல் ஜெபம் அன்றுதான் வந்தது. ஆண்டவரே, நான் கூட்டம் கேட்கவில்லை, என் பக்கத்தில் உட்கார ஒரே ஒரு ஆளைத் தாரும் என்று கேட்டேன்.

அடுத்த வியாழன் நான் பாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் சம்சாரிக் குடும்பம். நெல் வயல், வாழைக் கொல்லை எல்லாம் உண்டு. கும்பிடுவது காளியம்மனை. நான் அதிசயப்பட்டு எழுந்தேன்.

"நீ ஒத்தையில பாடுறது வாராவாரம் கேக்குது ஆத்தா. ஒத்தையில பாடலாமா? அதான் வந்தேன்" என்றார்கள்.

வந்து பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார்கள். பாட்டு தெரியாது. கையால் தாளம் மட்டும் போட்டார்கள். நான் கேட்ட ஒரு ஆள் இவர்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சபையில் ஒருவரை அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். கர்த்தர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனுப்பினார்.

பேச்சியம்மாள் அதோடு விடவில்லை. மறுநாள் வாய்க்காலில் துணி துவைக்கிற இடத்தில் லேயாளைப் பார்த்து, அந்தப் பிள்ளை ஒத்தையில் பாடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வேதக்காரர்கள், போகமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அதே கேள்வியைக் கொஞ்ச நேரம் கழித்து ராகேலிடமும் கேட்டிருக்கிறார்கள். இந்த லேயாளும் ராகேலும்தான் நான் சொன்ன ஓரகத்திகள். லேயாள் அண்ணன் பெண்சாதி, ராகேல் தம்பி பெண்சாதி. பேச்சியம்மாளுக்கு இவர்கள் சண்டை தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் வெட்கமாகிப்போய், இருவரும் ஒரே வியாழக்கிழமை வந்து நின்றார்கள். ஒருத்தி பாயின் இந்தக் கடைசியில், மற்றவள் அந்தக் கடைசியில். நடுவில் பேச்சியம்மாள் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர்கள் பிரிந்த கதை இதுதான். லேயாளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து சில மாதத்தில் இறந்துபோனது. அன்றைக்கு ஊரே வந்தது. சுவரை ஒட்டி அடுத்த வாசலில் இருந்த ராகேல் மட்டும் வரவில்லை. அதை லேயாளால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அவர்கள் புருஷன்மார் இருவரும் வண்டிக்காரர்கள். அவர்களுக்குள் சண்டை கிடையாது. ஒன்றாகவே பாரம் ஏற்றிக்கொண்டு தேனிக்கும் போடிக்கும் போவார்கள், வருவார்கள். வீட்டுக்குள் மட்டும் இந்த ஊமைத்தனம்.

எனக்கு அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று துடிப்பு. என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். "பாட்டும் ஜெபமும் நடக்கட்டும் புஷ்பம். அந்தப் பஞ்சாயத்தை நாம தூக்க வேணாம். நீ தனியா ஜெபம் பண்ணு" என்றார். அப்படியே செய்தேன். நாள் தவறாமல் அவர்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் கூட்டம் நடந்தது. ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, பிறகு அவரவர் வீட்டில் அந்த வாரம் என்ன பாடு என்று ஒவ்வொருவரும் சொல்வது, அதற்காக ஜெபிப்பது. பாயில் பேசியது வாய்க்காலுக்குப் போகக்கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். போகவில்லை. அதனாலேயே மெதுவாக மற்ற வீட்டாரும் வந்தார்கள். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் எங்களுக்கு முதலில் தெரியும். கஞ்சி போகும், சுக்குத் தண்ணீர் போகும். நடவு நாளில் கைப்பிள்ளைக்காரியின் பிள்ளையை ஒருத்தி வைத்துக்கொள்வாள். எனக்குள்ளும் ஏதோ திரும்பி வந்தது. நான் நிஜமாகவே பாடத் தொடங்கியிருந்தேன்.

ஜாவாவை ஜப்பான்காரர்கள் பிடித்த வருஷம் வந்தது. பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே வந்து சேர்ந்த வருஷமும் அதுதான். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மழைக்குப் பின்னால் எங்கள் பள்ளத்தாக்குக்கு வழக்கமாக வருகிற குளிர்காய்ச்சல் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு வந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொயினா. கொயினாவோ ஜாவாவிலிருந்து வர வேண்டும். வரத்து நின்றுபோயிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. டாக்டர் என்ன செய்வார், பாவம், அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை.

என் வீட்டுக்காரர் கடையிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தார். இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. பிறகு நெருப்பாகக் கொதித்தது. வேர்த்து விட்டது. நல்லவேளை என்று நினைத்தால் மறுபடி நடுக்கம். வேப்பங்கொழுந்தும் நிலவேம்புக் கஷாயமும் கொடுத்தேன். சாப்பிட்டது தங்கவில்லை. மூன்றாவது தரம் காய்ச்சல் ஏறியபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "லில்லியை எறக்கி விடு, அது நடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும், ஒரு தரம் இந்த வீட்டிலிருந்து கொண்டுபோனவர் இன்னொரு தரமும் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன். ஜெபிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஆண்டவரோடு பேச எனக்கு மனமில்லை.

அன்று வியாழக்கிழமை. கூட்டம் இல்லை என்று சொல்லி அனுப்பக்கூட எனக்கு நினைவில்லை. நான் பாய் விரிக்கவில்லை. மத்தியானமே பேச்சியம்மாள் வந்து, மூலையில் இருந்த பாயைத் தாமே எடுத்து விரித்தார்கள். அவர்கள் கழுத்தில் காளியம்மன் கோவில் கயிறு. விரித்தது எங்கள் ஜெபக்கூட்டத்துப் பாய். ஒவ்வொருவராக வந்தார்கள். லேயாள் வந்தாள், ராகேல் வந்தாள். யாரும் பாடவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன், என்னால் ஆகாது என்று. அப்போது ராகேல் முழங்காலில் நின்று, கர்த்தாவே, எங்கள் ஆரோன் அண்ணனை எங்களுக்குத் திரும்பத் தாரும், வழி தெரியவில்லை, வழியைக் காட்டும் என்று ஜெபித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. அழுதாள்.

ஆமென் சொல்லிவிட்டு எல்லாரும் தலை குனிந்திருந்தோம். பாயின் அந்தக் கடைசியிலிருந்து லேயாள் பேசினாள்.

"ஒங்க அண்ணன் மேகமலை எஸ்டேட்டுல கம்பவுண்டராத்தான இருக்காக?"

யாரைப் பார்த்துக் கேட்கிறாள் என்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை. ராகேலைப் பார்த்துத்தான் கேட்டாள். ராகேல் கண்ணைத் துடைத்தாள்.

"ஆமாக்கா. அங்கன கொயினா இருக்கும். கூலியாளுகளுக்குன்னு வச்சிருப்பாக. ஆனா எனக்கு மலைப்பாதை தெரியாதே."

"எனக்குத் தெரியும்" என்றாள் லேயாள். "விடியக்காலையில பொறப்படுவோம்."

லேயாள் சிறு வயதில் தன் தாயோடு அந்த மலையில் ஏலக்காய் பறிக்கப் போனவள். ராகேலோ அந்த மலையில் கால் வைத்தவளே இல்லை. வழி தெரிந்தவளுக்கு மருந்து கொடுப்பவரைத் தெரியாது. மருந்து கொடுப்பவரைத் தெரிந்தவளுக்கு வழி தெரியாது. வேறு ஆள் அனுப்பலாம் என்றால், அந்த ஐப்பசியில் எங்கள் தெருவில் நிமிர்ந்து நின்ற ஆண்பிள்ளைகளே இல்லை. இவர்கள் புருஷன்மார் வண்டியோடு தேனியில் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அறிமுகம் இல்லாத ஆளை நம்பி எஸ்டேட்டில் மருந்தும் கொடுக்கமாட்டார்கள். அந்த இருவரும் சேர்ந்து போனால்தான் உண்டு. நான் வேண்டாம் என்றேன். யானை நடமாட்டம் இருக்கிறது, மழை இருக்கிறது என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

விடிந்ததும் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீரும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு, கேப்பைக் களியை இலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பேச்சியம்மாள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அன்று முழுவதும் மேகமலைப் பக்கம் மூட்டம் விலகவில்லை. மற்றவர்கள் முறை வைத்து எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஒருத்தி ஈரத்துணி மாற்றுவாள், ஒருத்தி அடுப்பைப் பார்ப்பாள், ஒருத்தி மூலையில் முழங்காலில் நிற்பாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு பெண்களையும் காப்பாற்றும் என்று மட்டும் என் வாயில் வந்தது. என் புருஷனுக்காகக்கூட வரவில்லை, அவர்களுக்காகத்தான் வந்தது. அப்படித்தான் நான் மறுபடி ஜெபிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் மத்தியானம் தாண்டி அவர்கள் வந்தார்கள். தெருமுனையில் பார்த்தவர்கள் ஓடி வந்து சொன்னார்கள். நான் வாசலுக்கு வந்தேன். சேலையெல்லாம் சேறு. அட்டை கடித்துக் காலில் ரத்தம் வடிந்து காய்ந்திருந்தது. ராகேல் நொண்டிக்கொண்டு வந்தாள். அவளை லேயாள் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் அவர்கள் அப்படி நடந்து வந்ததைப் பார்த்து, மருந்து கிடைத்ததா என்று கேட்பதற்கே நான் மறந்துவிட்டேன்.

ராகேல் மடியிலிருந்து துணியில் சுற்றிய கொயினாப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் அண்ணன் அவர்களை எஸ்டேட் டாக்டரிடமே கூட்டிப்போயிருக்கிறார். அந்த டாக்டர் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, நேரத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேரையும் தனித்தனியே திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியாகச் சொன்ன பிறகுதான் மருந்தைக் கொடுத்தாராம்.

அவர்கள் சொன்னபடியே கொடுத்தோம். அடுத்த நடுக்கம் இலேசாக வந்தது. அதற்கடுத்தது வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார். அறை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "கடையைத் தொறந்தாச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று யாரோ சொன்னார்கள். புழுங்கலரிசிக் கஞ்சி கேட்டுக் குடித்தார்.

அந்த மலையில் நடந்ததை நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை லேயாளாகவே சொன்னாள். மலையேறுகிற வழியில் மூங்கில் புதருக்குள் யானைகள் நின்றதால், இருவரும் ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அவை நகரவே இல்லை. பிழைப்போமோ மாட்டோமோ என்கிற அந்த இடத்தில் ராகேல் அவள் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறாள். லேயாளின் பிள்ளை இறந்த அன்றுதான் ராகேலுக்குப் பேறுகால வலி எடுத்திருந்ததாம். சாவு வீட்டுக்குப் போனால் சிசுவுக்கு ஆகாது என்று அவள் தாயார் அறைக்கதவை வெளியே பூட்டிவிட்டார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து லேயாள் ஒப்பாரி வைத்ததை எல்லாம் கேட்டு, அவளும் கத்திக் கதவைத் தட்டியிருக்கிறாள். வலியில் கத்துகிறாள் என்று வீட்டில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தது மறுநாள்தான் என்பதால், முந்தின நாளே வலி எடுத்தது லேயாளுக்குத் தெரியாது.

லேயாள் இதைச் சொல்லிவிட்டு ராகேலின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரலை, வரலைன்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். வர விடலைன்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

சகோதர சகோதரிகளே, என்னிடம் இரண்டு ஜெபம் இருந்தது. அவர்கள் இருவரும் ஒன்றாக வேண்டும் என்று ஒரு ஜெபம். அதற்குப் பதில் வரவில்லை என்று விட்டுவிட்டேன். என் புருஷன் பிழைக்க வேண்டும் என்று ஒரு ஜெபம். அதைச் செய்யவே எனக்குப் பலம் இல்லை. கர்த்தர் இரண்டையும் ஒரே பாதையில் வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தை நான் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விழுந்த அன்று அது என்னைத் தாங்கி நடந்தது.

யுத்தம் முடிந்துவிட்டது. கொயினாவும் வருகிறது. எங்கள் முன்னறையில் ஆள் கொள்ளாமல் போனபோது, கூட்டத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று போதகர் ஐயா சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வளர்த்த பிள்ளையைப் பிரித்துக் கொடுப்பதுபோல இருந்தது. ஆனாலும் குளத்தங்கரைத் தெருவில் புதுக் கூட்டம் தொடங்க லேயாளையும் ராகேலையும் சேர்த்தே அனுப்பினோம். லேயாள் பாடுவாள், ராகேல் வாசிப்பாள். அங்கே இப்போது எங்களைவிடக் கூட்டம். ராகேலின் பிறந்த ஊரான பண்ணைப்புரத்தில் அவள் தாயார் வீட்டிலேயே ஒரு கூட்டம் நடக்கிறது. கதவைப் பூட்டிய அதே அம்மாள்தான் இப்போது எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கிறார்கள். கெங்குவார்பட்டியில் என் தங்கை ஒன்று தொடங்கியிருக்கிறாள். மூன்று பேர்தான் வருகிறார்கள் என்று வருத்தப்பட்டுச் சொல்லி அனுப்பினாள். மூன்று பேரா, உனக்கு என்ன குறை என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் வியாழக்கிழமை மட்டும் கடையை வெயில் இருக்கும்போதே பூட்டிவிடுகிறார். வருகிற ஆண்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது அவர்தான். எங்களுக்கு அதற்குப் பின் பிள்ளை இல்லை. அந்தக் குறை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். லில்லியை நினைக்காத நாளும் இல்லை. ஆனால் இப்போது அந்தப் பெயரை நான் சொல்லி அழ இடமிருக்கிறது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மனம் நிறைவாக இருக்கிறது. பேச்சியம்மாள் இன்றும் வருகிறார்கள். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. ஒரு வாரம் அவர்கள் வராவிட்டால் எங்களுக்குத்தான் கூட்டம் கூட்டமாக இருப்பதில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒன்று தொடங்க ஆசை இருந்து, நமக்கு என்ன தெரியும், யார் வருவார்கள் என்று பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் இங்கே இருக்கலாம். நானும் ஒன்றும் தெரியாமல்தான் தொடங்கினேன். இப்போதும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவர் உண்மையுள்ளவர் என்று மட்டும் தெரியும். அவரை நம்பித் தொடங்குங்கள். இப்போதே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைத் திரும்பிப் பாருங்கள். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் ஜெபம் முடிந்ததும் கேளுங்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றும் கேளுங்கள். சொன்னால், நாளைக்கு அந்த வீட்டுக்குப் போங்கள். அதற்கு மேல் செய்ய வேண்டியதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.